வெல்ஷ் ஹார்ப்பில் ஒரு வல்வெட்டித்துறைக்காரன்

வல்வெட்டித்துறைக்காரன் என்றால் சுக்கானைப் பிடித்துக்கொண்டே பிறந்திருப்பான் என்று மற்ற ஊர்க்காரருக்கு ஒரு நம்பிக்கை. நாங்களும் அதை மறுப்பதில்லை. லண்டனில் ஊர்ச் சங்கக் கூட்டமோ பிறந்தநாள் விழாவோ, சாப்பாடு முடிந்து கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டதும் யாராவது ஒருவர் 'அன்னபூரணி'யின் கதையைத் தொடங்கிவிடுவார். கதை என்று சொன்னாலும் அது நடந்த சங்கதிதான். யாழ்ப்பாணத்து எங்கள் கடற்கரையில், எங்கள் ஊர் மேத்திரிமார் கட்டிய பாய்க்கப்பல் அது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர்த் தண்டையலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் கால்வாய் வழியாகக் கொண்டுபோய், அத்திலாந்திக்கைக் கடந்து, 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்த இடத்துக்குக் கதை வரும்போது மண்டபத்தில் எல்லோருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எனக்கும்தான்.

ஆனால் அந்த வட்டத்தில் இருப்பவர்களில் கணக்காளர் உண்டு, பெற்றோல் நிலைய முதலாளி உண்டு, பஸ் சாரதி உண்டு. பாய்க் கயிற்றைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை.

என் அப்பப்பா தொட்டவர். நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த கப்பல்களில் வேலை செய்தவர். அவர் காலத்திலேயே அந்தத் தொழில் படுக்கத் தொடங்கிவிட்டது. அப்பாவைப் படிக்க வைத்தார்கள், அவர் எழுதுவினைஞரானார். நான் கணக்கில் குறைந்த புள்ளி எடுத்த நாட்களில் அப்பா சொல்வார்: "படிக்காட்டி வள்ளத்துக்குத்தான் போவாய்." எங்கள் வீட்டில் கடல் என்பது பிள்ளைகளை வெருட்டுகிற சொல்லாக இருந்தது. பிறகு எண்பதுகளில் கடற்படையின் கண்காணிப்பு வந்தது. கரையில் நிற்பதற்கே யோசிக்க வேண்டியிருந்த வயதில் பாய்மரம் பழக யார் போவார்கள்? கடல் பார்த்த வீட்டில் பதினெட்டு வயது வரை இருந்துவிட்டு, சுக்கானைத் திருப்பும் ஒரு டில்லரைக்கூடத் தொடாமல் விமானம் ஏறி இங்கே வந்து சேர்ந்தேன்.

பாய்ப்படகு ஓட்டப் பழகியது ஐம்பது தாண்டிய பிறகு. அதுவும் கடலில் இல்லை.

நோர்த் சேர்குலர் வீதியில் வெம்பிளி ஐக்கியாவுக்குத் தளபாடம் வாங்கப் போகிறவர்களில் பலருக்கு, பக்கத்திலேயே ஒரு பெரிய ஏரி கிடப்பது தெரியாது. பிரென்ட் நீர்த்தேக்கம் என்பது பதிவுப் பெயர். கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகப் பிரென்ட் ஆற்றை மறித்து 1835இல் உண்டாக்கியது. பக்கத்தில் இருந்த மதுச்சாலையின் பெயர் ஒட்டிக்கொண்டு, சனம் அதை வெல்ஷ் ஹார்ப் என்கிறது. மதுச்சாலை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 1930இல் இதே கரையில் உடுப்பில்லாமல் வெயில் காய்ந்தவர்களை ஊர்ச்சனம் திரண்டு வந்து துரத்தியதாக ஒரு வரலாறும் உண்டு. இன்று அங்கே கொண்டை முக்குளிப்பான்கள் கூடு கட்டுகின்றன. நாணல் அடர்ந்த கிழக்கு மூலைக்குப் படகுகள் போகக்கூடாது.

மகள் பள்ளிக்கூடத்தோடு பாய்ப்படகு பழக அங்கே ஒரு வாரம் போனாள். அவளை ஏற்றி இறக்கப் போன நான் கரையில் கார் இருக்கையில் இருந்து பார்த்தேன். பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சின்னஞ்சிறு படகுகளில் ஏறி, கத்திக்கொண்டு, மோதிக்கொண்டு, எப்படியோ போய்த் திரும்பி வந்தார்கள். எனக்குப் பொறாமை. வயது வந்தவர்களுக்கும் வகுப்பு உண்டா என்று கரையிலிருந்த பாய்ப்படகுக் கிளப்பின் கதவில் தட்டிக் கேட்டேன்.

இங்கே பாய்ப்படகுப் பயிற்சிக்கு ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. 1875இல் தொடங்கிய ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்தது. முதலாம் நிலை இரண்டு நாள், இரண்டாம் நிலை இன்னும் இரண்டு நாள். சின்னக் கிளப்புகளில் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. எழுபதை எட்டியவர், மெலிந்த கை, ஏரியின் அடுத்த கரைக்குக் கேட்கிற குரல். எங்கிருந்து வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். கடலோடிகளின் ஊர் என்றும் ஒரு சொல் சேர்த்தேன். சங்கக் கூட்டத்துப் பழக்கம். "அப்படியென்றால் உங்கள் இரத்தத்திலேயே இருக்கும்" என்றார்.

இரத்தத்தில் ஒன்றும் இல்லை. டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகம் வலப்பக்கம் திரும்பும். கார் ஓட்டிப் பழகிய எவருக்கும் இது முதல் நாள் கைக்குள் வராது. என்னோடு அதே படகில் இருந்த போலந்துக்காரர் மலைப்பக்கத்தில் பிறந்தவர், கடலைப் பார்த்ததே விடுமுறைகளில்தான். அவருக்கு எவ்வளவு தடுமாற்றமோ எனக்கும் அவ்வளவு. ரங்கூன் வரை போன அப்பப்பாவின் பேரன் என்பதற்காக டில்லர் எனக்கு ஒரு சலுகையும் தரவில்லை.

நாங்கள் பழகியது வேஃபேரர் என்ற டிங்கியில், அதாவது சின்னத் திறந்த பாய்ப்படகில். இயன் புரொக்டர் என்பவர் 1957இல் வடிவமைத்தது. பதினாறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. குடும்பத்தோடு உல்லாசமாகப் போய்வரவும், பழகுகிறவர்களை மன்னிக்கவும் செய்த படகு. இதைக் கட்டி எழுப்புவதே அரை நாள் பாடம். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்துப் படகின் மூக்கை அதற்கு நேரே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாயை ஏற்றும்போதே அது படகைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும். பிறகு ஜிப் என்கிற முன்பாய், அதன் பிறகு மெயின் பாய், சுக்கான், கயிற்று நுனிகளில் எட்டு முடிச்சு. அந்த முடிச்சு இல்லாவிட்டால் கயிறு கப்பியைவிட்டு ஓடிப்போய்ப் பாய் காற்றில் அடித்துக்கொண்டு கிடக்கும். ஆசிரியை ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் திருத்திய காலம் அந்த விரல்களில் இன்னும் இருந்தது.

காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது என்பதுதான் முதல் பெரிய பாடம். காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் எந்தப் பாயும் வேலை செய்யாது. அந்தக் கோணத்துக்குள் மூக்கை விட்டால் பாய் படபடக்கும், படகு நிற்கும், பிறகு பின்னோக்கி நகரும். இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. ஊரில் வைகாசிக்குப் பிறகு வீசும் சோளகம் வருகிற அதே திசை. வெல்ஷ் ஹார்ப்பில் அது அணைக்கட்டுப் பக்கமிருந்து ஏரியின் நீளத்துக்கு வரும். அந்தப் பக்கம் அண்ணாந்தால் வெம்பிளி மைதானத்தின் வளைவு, 133 மீற்றர் உயரம், கண்ணுக்கு முன்னால் நிற்கும். "அந்த வளைவுக்குப் போ" என்பார் ஆசிரியை. நேரே போக முடியாது. இடப்பக்கம் சரிந்து கொஞ்சத் தூரம், "ரெடி அபவுட்" என்று கத்திவிட்டுத் திரும்பி, பாயின் அடிக்கட்டையான பூமுக்குத் தலையைக் குனிந்து, மற்றப் பக்கம் மாறி உட்கார்ந்து, வலப்பக்கம் சரிந்து கொஞ்சத் தூரம். இப்படி வெட்டி வெட்டித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தை இழந்தால் படகு காற்றின் வாய்க்குள் சிக்கிவிடும். அரை மணி நேரம் உழைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வளைவு கிட்ட வந்த மாதிரியே இருக்காது.

கிழக்குக் காற்று இன்னும் மோசம். வெஸ்ட் ஹெண்டன் பக்கம் எழுந்துவிட்ட மாடிக் கட்டடங்களில் அது மோதிச் சிதறி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் சுழன்றடிக்கும். பழைய அங்கத்தவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் மேல் தீராத கோபம். அதில் வீடு வாங்கிய என் நண்பன் ஒருவனுக்கு இதைச் சொன்னேன். "நீங்கள் பாய் விரிக்கிறதுக்காக நாங்கள் குடிசையில இருக்கேலுமே?" என்றான். அவன் கேட்டதும் ஞாயம்தான்.

முதல் நாள் பின்னேரம் மெயின்ஷீட்டை என் கையில் தந்தார்கள். மெயின் பாயை இழுக்கவும் விடவும் உள்ள கயிறு அது. காற்று ஒரு தரம் கூடிக் குறைந்தது. கயிறு உள்ளங்கையில் இறுகித் தளர்ந்தது. அந்த இழுவையை எனக்குத் தெரியும். தைப்பொங்கலை ஒட்டி வாடை வீசுகிற நாட்களில், பட்டத்தின் நூலில், சின்ன வயதிலேயே கைக்குள் வந்த இழுவை அது. வல்வெட்டித்துறையில் பட்டம் என்பது விளையாட்டு மட்டும் இல்லை. பெரியவர்களும் இரவிரவாக இருந்து கட்டுவார்கள். கொக்கு, எட்டுமூலை என்று எத்தனையோ வகை. மேலே விண் கட்டி ஏற்றினால் அதன் கூவல் விடிய விடிய ஊருக்கு மேலே நிற்கும். பட்டம் நன்றாக ஏறுவதும் குத்திக்கொண்டு விழுவதும் பட்டத்தோடு நூலை இணைக்கும் முச்சையில் இருக்கிறது. முச்சையின் மேல் நூலை அரை விரல் கூட்டினால் பட்டம் காற்றைப் பிடிக்கும் கோணம் மாறிவிடும். அதே சங்கதிதான் இங்கேயும். பாயை அளவுக்கு மேல் உள்ளே இழுத்தால் படகு சரியும், ஓடாது. மெல்ல விட்டுக்கொண்டு போனால் பாயின் முன்விளிம்பு லேசாக நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் நிற்கிற வரை மறுபடி இழுக்க வேண்டும். அங்கேதான் காற்று முழுதாகப் பிடிபடும். போலந்துக்காரர் கண்ணால் பாயைப் பார்த்துப் பார்த்து இழுத்தார். நான் கையை மட்டும் கேட்டேன். "பார்த்தீர்களா, இரத்தம்" என்றார் ஆசிரியை. இல்லை, பட்டம் என்றேன். பத்து வயதில் ஊரில் மதவடியில் நின்று பெரிய பெடியளிடம் ஏச்சு வாங்கி வாங்கிப் பழகியது. அப்பப்பாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

ஊருக்குத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன மோனை, காசு குடுத்தே கடலுக்குப் போறாய்?"

"கடல் இல்லையம்மா, குளம்."

"குளத்தில ஆராவது பாய் விரிப்பினமே? உனக்கென்ன விசரே?"

அம்மாவுக்கு விளங்காததில் வியப்பில்லை. பாய்க்கப்பலில் போனவர்களுக்கு அது பிழைப்பு. அப்பப்பா கடலைப் பற்றி எங்களுக்குச் சொன்னவை மிகக் குறைவு. அவருடைய உள்ளங்கைத் தோல் தடித்து மஞ்சளாக இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையின் சூடு அதில் ஏறாது. கடல் வடிவாக இருக்குமா என்று ஒரு தரம் கேட்டேன். "அங்க ஆர் வடிவு பாக்கிறது" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியரும் வங்கி உத்தியோகத்தரும் சனிக்கிழமை காலையில் ஈர உடுப்போடு சிரித்துக்கொண்டு படகு கழுவுவதை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

படகைக் கவிழ்த்துப் பழகும் பாடத்தைத்தான் எல்லோரும் பயந்துகொண்டு எதிர்பார்த்திருந்தார்கள். மே மாதத்து ஏரித் தண்ணீர் பச்சை நிறம், சேற்று மணம். நீர் உடுப்புக்குள் குளிர் முதலில் கழுத்தால் நுழைந்து முதுகால் இறங்கும். ஒரு மூச்சு எடுக்க வராது. அந்த ஒரு கணத்தில் ஆழிக்குமரன் ஆனந்தன் நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர், பாக்கு நீரிணையை 1971இல் நீந்திப் போய் நீந்தியே திரும்பியவர், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் இறந்தவர். இந்த நாட்டுத் தண்ணீரின் குளிர் என்னவென்று அன்றுதான் எனக்குச் சாடையாக விளங்கியது.

கவிழ்ந்த படகை நிமிர்த்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாய்மர நுனியில் ஒரு மிதவைப் பை கட்டியிருப்பார்கள். படகு தலைகீழாகாமல் பக்கவாட்டில் கிடக்கும். ஒருவர் நீந்திச் சுற்றிப் போய், படகின் அடியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் சென்டர்போர்ட் பலகையில் ஏறவேண்டும். மற்றவர் உள்ளே, தண்ணீரில் படகின் பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தபடி, ஜிப் கயிற்றை மேலே எறிந்து கொடுப்பார். பலகையில் நிற்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்து உடம்பு முழுவதையும் பின்னுக்குச் சாய்ப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. பாய்க்குள் நிறைந்த தண்ணீர் விடாது. பிறகு பாயின் விளிம்பு ஒரு விரற்கடை எழும்பும், தண்ணீர் வழியத் தொடங்கும், அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வேகத்தில்தான்: படகு நிமிரும்போது உள்ளே கிடந்தவரையும் அள்ளிக்கொண்டு எழும்பும். நான் பலகையில் நின்றேன். போலந்துக்காரர் உள்ளே கிடந்தார். படகு நிமிர்ந்ததும் அவர் ஆசனங்களுக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, போலந்து மொழியில் எதையோ நீளமாகச் சொன்னார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று தேநீர் நேரத்தில் ஆசிரியை ஃபிராங்க் டை என்பவரைப் பற்றிச் சொன்னார். இதே வேஃபேரரில், திறந்த படகில், 1963இல் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனவர். அடுத்த வருடம் நோர்வேக்குப் போகும் வழியில் புயலில் கவிழ்ந்து நிமிர்ந்து கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவர். அந்தப் படகு இப்போது கோர்ன்வாலில் ஒரு கடல்சார் நூதனசாலையில் இருக்கிறது. அவர்களுக்கும் ஓர் அன்னபூரணி உண்டு என்று நினைத்துக்கொண்டு எங்கள் கதையை எடுத்துவிட்டேன். கவனமாகக் கேட்டார். முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டார். அந்த மாலுமிகளுக்கு அத்திலாந்திக் குளிருக்கு உடுப்பு இருந்ததா? சம்பளம் யார் கொடுத்தார்கள்? எப்படி வீட்டுக்குத் திரும்பினார்கள்?

எங்கள் மண்டபத்தில் இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் கப்பலைக் கொண்டாடுகிறோம். கயிறு இழுத்த கையைப் பற்றிக் கேட்பதில்லை. அது எங்களுக்கும் ஒரு வசதி. கையைப் பற்றிக் கேட்டால் நெஞ்சு நிமிர்வதில் கொஞ்சம் குறைந்துபோகும்.

இரண்டாம் நிலையில் எனக்குக் கடினமாக இருந்தது, படகிலிருந்து விழுந்தவரை மீட்கும் பயிற்சி. ஆளுக்குப் பதிலாக ஒரு செம்மஞ்சள் மிதவையைத் தண்ணீரில் எறிவார்கள். எறிந்ததும் மனம் உடனே திரும்பிப் பிடிக்கச் சொல்லும். அப்படித் திரும்பினால் வேகத்தோடு அதன் மேலே ஏறிவிடுவோம். முதலில் அதைவிட்டு விலகித் தூரம் போக வேண்டும். கண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்கக்கூடாது. பிறகு திரும்பி, காற்றுக்குச் சற்றே எதிராகச் சாய்ந்த கோணத்தில், பாயை விட்டு விட்டு வேகத்தைக் கொன்று, மிதவை காற்று வரும் பக்கமாக நிற்கும்படி கிட்டப் போய் நிற்க வேண்டும். ஆளைவிட்டு விலகிப் போவதுதான் மீட்கும் வழி என்பதை உடம்பு ஒத்துக்கொள்ள நாளெடுத்தது. பதினாறு அடிப் படகுக்கே இந்தப் பாடு. பெரிய கப்பலில் பாய்களை எல்லாம் மாற்றித் திருப்பி வருவதற்குள் விழுந்தவன் எங்கே இருப்பான்? அப்பப்பாவோடு கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பி வரவில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. எப்படி என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சான்றிதழ் வந்தது. கடன் அட்டை அளவில் ஒரு துண்டு. மனுசி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினாள். கிளப்பில் அங்கத்தவனானேன். அங்கத்துவம் என்றால் சந்தா மட்டும் இல்லை. பாதுகாப்புப் படகில் நிற்கிற முறை வரும், குசினி முறை வரும். என் முதல் குசினி முறைக்கு மனுசி மட்டன் ரோல்ஸ் செய்து தந்தாள். பதினொரு மணிக்கே தட்டு வெறுமையாகிவிட்டது. அதற்குப் பிறகு முறைப் பட்டியலில் என் பெயர் எப்படி இவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது விளங்காத மர்மம்.

புதன் பின்னேரங்களில் கோடைக்காலப் பந்தயம் நடக்கும். வேறு வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடுவதால் நேரத்தை வகைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடுவார்கள். எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் எங்கள் படகு கடைசிக்குக் கிட்டத்தான் வரும். டில்லர் என் கையில், ஜிப் மகளின் கையில். அவள் இப்போது என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். சென்ற கோடையில் ஒரு புதன்கிழமை, அணைக்கட்டுப் பக்கம் திரும்புகிற மிதவைக்குக் கிட்ட, காற்று சோர்ந்து நின்ற நேரத்தில், நான் அவளுக்குச் சோளகத்தையும் வாடையையும் பற்றி விளக்கத் தொடங்கினேன். பொறுத்துப் பார்த்தாள்.

"அப்பா, கதையை விட்டிட்டு ஷீட்டை இழுங்கோ. பின்னால வாற ஆளுக்கு எண்பது வயசு."